கொரியத் தொடர் பார்க்க உட்கார நினைக்கும் ஒரு அப்பாவுக்கு

கேள்வி: கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயது 60. மனைவியும் மகளும் தினமும் ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கொரியத் தொடர் பார்க்க உட்கார்ந்துவிடுகிறார்கள். சிரிக்கிறார்கள், அழுகிறார்கள், மறுநாள் சமையலறையிலும் அதே பேச்சு. நானும் ஒருநாள் கூட உட்கார்ந்தேன். கோடீஸ்வர வீட்டுப் பையன், ஏழைப் பெண், பையனின் அம்மா பணக் கவரை நீட்டுகிறாள். இரண்டாவது எபிசோடிலேயே, “இதெல்லாம் நாங்கள் எழுபதுகளிலேயே பார்த்தாச்சு, இதற்கா அழுகிறீர்கள்” என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து இருவரும் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போய்விடுகிறார்கள். போன மாதம் ஜெஜு தீவில் நடக்கிற ஏதோ ஒரு கதையைப் பார்த்து அழுதது ஹால் வரை கேட்டது. எனக்கும் அவர்களோடு உட்கார ஆசைதான். அப்படி என்ன இருக்கிறது அதில்? எதில் தொடங்கினால் எனக்குப் பிடிக்கும்?
பெயர் வேண்டாம், திண்டுக்கல்

பதில்: சார், நீங்கள் பார்த்த தொடர் உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் ஆச்சரியமே இல்லை. பணக்கார வாரிசு, ஏழைப் பெண், தடுக்கும் அம்மா, நடுவில் ஒரு விபத்து, ஞாபகம் போய்விடுவது, சின்ன வயதிலேயே இருவரும் சந்தித்திருக்கிறார்கள் என்று கடைசியில் தெரிய வருவது, இந்த வகை அங்கே ஏராளம். 2009ல் கொரியாவில் வந்த ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ அதில் ரொம்பப் பிரபலம், பிறகு புதுயுகம் தொலைக்காட்சியில் தமிழ்க் குரலிலும் வந்தது, அப்போது பள்ளியில் படித்த பெண்கள் பலருக்குக் கொரியத் தொடர் என்றால் முதல் ஞாபகமே அதுதான். அந்த வயதில் பார்த்தால் பிடிக்கும். அறுபதில் அதில் தொடங்கினால் யாருக்கும் கஷ்டம்தான்.

ஆனால் கதவு சாத்தப்பட்டது நீங்கள் கதையைக் குறை சொன்னதற்காக என்று எனக்குத் தோன்றவில்லை. “இதற்கா அழுகிறீர்கள்” என்று கேட்டீர்களே, அதற்காக. மனசு நெகிழ்ந்து உட்கார்ந்திருக்கிற ஒருவரிடம் அதைக் கேட்டால், அடுத்த முறை அவர் உங்கள் முன்னால் அழமாட்டார். இதை முதலில் சரி செய்யுங்கள். பெரிய மன்னிப்பெல்லாம் வேண்டாம், “அன்றைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, நானும் பார்க்கிறேன், எனக்கு ஒன்று போட்டுக் காட்டு” என்று மகளிடம் கேளுங்கள், போதும். தனக்குப் பிடித்த தொடரை அப்பாவுக்குப் போட்டுக் காட்டுகிற சந்தோஷம் எந்த மகளுக்கும் சின்ன விஷயம் இல்லை. இரண்டாம் முறை பார்க்க அவர்களுக்கு அலுக்கவும் அலுக்காது, இந்த ரசிகர்கள் திரும்பத் திரும்பப் பார்க்கிறவர்கள்.

சரி, எதில் தொடங்குவது? யோசிக்காமல் சொல்வேன், ‘ரிப்ளை 1988’. 2015 நவம்பரில் தொடங்கி 2016 ஜனவரியில் முடிந்த தொடர், 20 எபிசோடு, இயக்கியவர் ஷின் வான் ஹோ, எழுதியவர் லீ ஊ ஜங். கொரியாவில் கேபிள் சேனலில் அதுவரை வந்த தொடர்களில் அதிகம் பேர் பார்த்தது இதுதான். சியோல் நகரத்தின் சாங்முன் டோங் பகுதியில் ஒரு சந்து, அதில் ஐந்து குடும்பங்கள், ஒன்றாக வளர்ந்த ஐந்து பிள்ளைகள், 1988 ஒலிம்பிக் நடக்கிற நேரம். கோடீஸ்வரன் கிடையாது. லாட்டரிச் சீட்டு விழுந்து வசதியான ஒரு வீடு இருக்கிறது, அந்த வீட்டின் கீழே பாதி தரைக்குள் புதைந்த போர்ஷனில் கதாநாயகி டோக்சுன் குடும்பம் குடியிருக்கிறது. அவள் அப்பா டோங் இல் வங்கியில் வேலை பார்ப்பவர். நல்ல சம்பளம்தான், ஆனால் நண்பனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டு மாட்டிக்கொண்டார், சம்பளத்தில் பெரும் பகுதி அந்தக் கடனுக்கே போகிறது. ஒரு ஜாமீன் கையெழுத்து ஒரு வீட்டை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் எபிசோடில் சாயங்காலம் ஆனதும் அம்மாக்கள் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். ஒரு வீட்டில் சோறு போதவில்லை, பையனிடம் கிண்ணத்தைக் கொடுத்துப் பக்கத்து வீட்டுக்கு அனுப்புகிறாள் அம்மா. அந்த வீட்டு அம்மா சும்மா அனுப்புவாளா, கூட ஒரு பதார்த்தம் வைக்கிறாள். வாங்கியவள் பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக்கூடாது என்று இன்னொன்றை வைத்துத் தருகிறாள். இப்படியே ஐந்து வீட்டுப் பிள்ளைகளும் தட்டும் கிண்ணமுமாகச் சந்தில் குறுக்கும் நெடுக்கும் ஓடிக்கொண்டே இருக்கிறார்கள். இதற்குப் பேசாமல் எல்லோரும் ஒன்றாகவே சாப்பிடலாமே என்று ஒருவன் அலுத்துக்கொள்கிற வரைக்கும் அது நீள்கிறது. கதை என்று எதுவும் நகரவில்லை, ஆனால் எந்த வீட்டில் கை இறுக்கம், எந்த வீட்டில் அம்மா இல்லை, யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் எல்லாம் அந்தக் கிண்ணங்களிலேயே தெரிந்துவிடுகிறது. அங்கே அம்மாக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் குறைவு, டோக்சுன் அம்மா, ஜங் ஹ்வான் அம்மா என்றுதான்.

அப்புறம் அதே எபிசோடில் பிறந்தநாள் விஷயம் வருகிறது. டோக்சுன் நடுப்பிள்ளை. அக்கா போராவின் பிறந்தநாளும் இவளுடையதும் சில நாள் இடைவெளியில் வருவதால் வருஷா வருஷம் அக்காவின் கேக்கிலேயே மெழுகுவத்தியை மாற்றி இவளுக்கும் கொண்டாடிவிடுகிறார்கள். இந்த வருஷம் தனியாகச் செய்யுங்கள் என்று முன்கூட்டியே கெஞ்சிக் கேட்கிறாள். மறுபடியும் அதே ஒரே கேக். அன்றைக்கு வெடித்துவிடுகிறாள். முட்டை பொரித்தால் அக்காவுக்கும் தம்பிக்கும், கோழிக்கால் அக்காவுக்கும் தம்பிக்கும், எனக்கு மட்டும் ஏன் இப்படி என்று அழுகிறாள். ராத்திரி அப்பா வெளியே அவளுக்காகக் காத்திருக்கிறார், கையில் ஒரு சின்னக் கேக். மூத்தவளை எப்படி வளர்ப்பது, நடுவிலிருப்பவளை எப்படி வளர்ப்பது என்று தெரியாமல் போய்விட்டது, அப்பா பிறக்கும்போதே அப்பாவாகப் பிறக்கவில்லையே, எனக்கும் அப்பாவாக இருப்பது இதுதான் முதல் தடவை, கொஞ்சம் பொறுத்துக்கொள் என்கிறார். வசனம் இவ்வளவுதான், பின்னால் பெரிய இசையடி எதுவும் கிடையாது. உங்கள் மகளோடு உட்கார்ந்து இதைப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தத் தொடரை முதலில் சொன்னேன்.

இரண்டாவது எபிசோடில் டோங் இல்லின் அம்மா இறந்துவிடுகிறார். சாவு வீட்டில் அப்பாவும் அத்தைகளும் வருகிறவர்களை வரவேற்று, சிரித்துப் பேசி, குடித்து, சீட்டாட்டம் நடக்க விட்டு உபசரித்துக்கொண்டிருக்கிறார்கள். பாட்டிமேல் உயிராக இருந்த டோக்சுனுக்குப் புரியவே இல்லை, இவர்களுக்கு வருத்தமே இல்லையா? நேரம் கழித்து அமெரிக்காவிலிருந்து பெரியப்பா வந்து இறங்குகிறார். அவரைப் பார்த்ததும் அதுவரை சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் கட்டிப்பிடித்துச் சின்னப் பிள்ளைகள் மாதிரி கதறுகிறார்கள். நாலு காரியத்துக்கு முன்னால் நின்று நடத்தியவர்கள் யாருக்கும் அது என்னவென்று தெரியும்.

அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்த பதில் இதுதான். நல்ல கொரியத் தொடர்களுக்குச் சின்ன விஷயத்துக்கு நேரம் ஒதுக்கத் தெரியும், எங்கே முடிப்பது என்றும் தெரியும். இரண்டும் சேர்ந்து இருப்பதுதான் விசேஷம். பெரும்பாலும் ஒரே ஆள், அதிகம் போனால் ஒரு சின்னக் குழு, முழுத் தொடரையும் எழுதுகிறது. அங்கே நடிகருக்கு இணையாக எழுத்தாளர் பெயரைச் சொல்லித்தான் அடுத்த தொடருக்குக் காத்திருப்பார்கள், அந்தப் பெயர் பெற்ற எழுத்தாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். 16 எபிசோடு அல்லது 20, வாரத்துக்கு அடுத்தடுத்த இரண்டு நாள், இரண்டு மூன்று மாதத்தில் கதை தீர்ந்துவிடும். ஒவ்வொரு எபிசோடும் ஒரு மணி நேரத்துக்கு மேல், ‘ரிப்ளை 1988’ பல இடங்களில் ஒன்றரை மணியைத் தாண்டும். முதல் எபிசோடில் ஒரு பாத்திரத்தை மெதுவாகக் காட்டினால் பதினான்காவதில் அதற்குப் பலன் இருக்கும் என்று நம்பலாம். வருஷக்கணக்கில் இழுக்கிற மெகா சீரியலில் அந்த நம்பிக்கையோடு உட்கார முடியாது, ஏனென்றால் எழுதுகிறவருக்கே முடிவு தெரியாது.

அதைவிட எனக்கு முக்கியமானது, துணைப் பாத்திரம் என்று யாரையும் தள்ளிவிடுவதில்லை. உங்கள் மனைவியும் மகளும் அழுத ஜெஜு தீவுக் கதை 2025 மார்ச்சில் வந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’ ஆகத்தான் இருக்கும். மூச்சடக்கிக் கடலுக்குள் இறங்கிச் சிப்பி எடுக்கும் ஹேன்யோ பெண் ஒருத்தியின் மகள் ஏ சுன், அவளையே சுற்றிச்சுற்றி வரும் க்வான் சிக், 1950களில் தொடங்கி அவர்களுக்கு வயதாகிற வரை. உறவினர் வீட்டில் எல்லோருக்கும் மீன் வைத்துவிட்டுத் தன் மகளுக்கு மட்டும் வைக்கவில்லை என்று தெரிந்ததும் அந்த அம்மாவுக்கு வருகிற கோபம், அதை யோம் ஹே ரான் நடித்திருக்கிற விதம், அதற்கே அழுகை வரும். கல்யாணமான பிறகு ஒரு காட்சி, க்வான் சிக் வீட்டில் ஆண்களுக்குத் தனி மேஜை, பெண்களுக்குத் தனி. ஆண்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறவன் ஒன்றும் சொல்லாமல் அப்படியே திரும்பி மனைவி பக்கம் முகம் வைத்துச் சாப்பிடுகிறான். சண்டை இல்லை, வசனமும் கிடையாது. ஹாலில் உட்கார்ந்திருந்த உங்களுக்குக் கேட்ட அழுகை இப்படி ஏதோ ஒன்றுக்காகத்தான் இருந்திருக்கும்.

‘ரிப்ளை’ முடிந்ததும் ‘மை மிஸ்டர்’ பாருங்கள், 2018, 16 எபிசோடு, எழுதியவர் பார்க் ஹே யங். இது உங்கள் வயதுக்காரர்களுக்கென்றே எழுதியது போல இருக்கும். நாற்பதுகளில் இருக்கும் கட்டட இன்ஜினியர் டோங் ஹூன், வேலை போன அண்ணன், சினிமாவில் தோற்ற தம்பி, அவர்களுக்குச் சோறு போட்டே ஓய்ந்த அம்மா. அவர் ஆபீசில் தற்காலிக வேலைக்கு இருக்கும் ஜி ஆன் என்ற இளம்பெண், கந்துவட்டிக்காரனிடம் மாட்டியவள், ஆபீஸ் பேன்ட்ரியிலிருந்து காபித்தூள் பாக்கெட்டுகளை எடுத்து வந்து ராத்திரி அதைக் கரைத்துக் குடிப்பதுதான் அவள் சாப்பாடு. படுக்கையாய்க் கிடக்கும் பாட்டிக்கு நிலாவைக் காட்ட சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போவாள். பணத்துக்காக டோங் ஹூனின் போனை ஒட்டுக் கேட்கத் தொடங்கும் அவள், அவர் நடக்கிற சத்தத்தையும் பெருமூச்சையும் கேட்டுக்கேட்டே இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று மாறுவதுதான் கதை. பெயரைப் பார்த்துத் தப்பாக நினைக்க வேண்டாம், இது காதல் கதை இல்லை. முதல் நாலு எபிசோடு இருட்டாகவும் இறுக்கமாகவும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். டோங் ஹூனாக நடித்த லீ சன் க்யூன் 2023 டிசம்பரில் இறந்துவிட்டார், இப்போது பார்க்கும்போது அந்த வேதனையும் சேர்ந்துகொள்கிறது.

ஆபீஸ் கதை வேண்டுமென்றால் 2014ல் வந்த ‘மிசேங்’. சிறுவயது முழுக்கப் ‘படுக்’ என்கிற கறுப்பு வெள்ளைக் காய்ப் பலகை ஆட்டத்திலேயே கழித்து அதிலும் தேறாத ஒருவன், பட்டம் இல்லாமல் ஒரு வர்த்தகக் கம்பெனியில் பயிற்சி ஊழியனாகச் சேர்கிறான். காதல் கிட்டத்தட்டக் கிடையாது. கூட இருப்பவர்கள் அவனைச் சேர்த்துக்கொள்வதே இல்லை, மேலாளரும் திட்டிக்கொண்டே இருக்கிறார். ஒருநாள் அந்த மேலாளர் குடித்துவிட்டு வேறு பிரிவுக்காரரிடம், உங்கள் ஆள் செய்த தப்புக்கு எங்கள் பிள்ளை திட்டு வாங்கினான் என்று சண்டைக்குப் போகிறார். எங்கள் பிள்ளை என்று அவர் சொன்னதை அவன் கேட்டுவிடுகிறான். நாற்பது வருஷம் ஆபீசில் இருந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவைப்படாது.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை கொஞ்சம் இருக்கின்றன. தமிழ்க் குரல் இருந்தாலும் முடிந்தவரை கொரியக் குரலிலேயே, கீழே எழுத்தோடு பாருங்கள், ‘ரிப்ளை’ அப்பாவின் தென்மாவட்டப் பேச்சும் அவர் குரல் உடைவதும் வேறு குரலில் வராது. எழுத்து ஓடிவிடுகிறது என்றால் எழுத்தளவைப் பெரிதாக்கிக் கொடு என்று மகளிடம் சொல்லுங்கள், லேப்டாப்பை விட்டுவிட்டு டிவியில் போடச் சொல்லுங்கள். முகமும் பெயரும் முதல் இரண்டு எபிசோடு குழம்பத்தான் செய்யும், நடுவில் “இவன் யார்” என்று கேட்காமல் விட்டால் மூன்றாவதில் தானாகப் பிடிபடும். ஒரே ராத்திரியில் ஐந்து எபிசோடு வேண்டாம், கொரியாவில் பார்த்த மாதிரி வாரத்துக்கு இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள், நடுவில் மூன்று பேரும் அதைப் பற்றிப் பேச நாள் கிடைக்கும்.

பேசவும் நிறைய இருக்கும். ‘ரிப்ளை 1988’ தொடக்கத்திலேயே நடுத்தர வயது டோக்சுனைக் கணவனோடு காட்டிவிடுகிறார்கள், ஆனால் அந்தச் சந்துப் பையன்களில் அந்தக் கணவன் யார் என்று கடைசி வரை சொல்லாமல் கொண்டுபோகிறார்கள். ஒளிபரப்பான நாட்களில் கொரியாவே இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது, இங்கே இன்றைக்கும் ரசிகர்கள் அதைச் சொல்லிச் சண்டை போடுகிறார்கள். உங்கள் வீட்டு இருவருக்கும் விடை தெரிந்திருக்கும், கேட்காதீர்கள், அவர்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முயற்சி செய்யாதீர்கள். ஐந்தாறு எபிசோடு போனதும் உங்களுக்கே ஒரு பையன்மேல் பிரியம் வந்துவிடும். எனக்கு ஜங் ஹ்வான். உங்களுக்கு யார் என்று எழுதுங்கள்.