பழைய காரின் ஒரிஜினல் ஸ்டியரிங் வீல் விரிசல் விட்டிருக்கிறது. அதைக் கழற்றி வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

முடியும். எங்கள் வீட்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்குப் போன வருடம் நானே செய்தேன். வேலை கடினமில்லை, ஆனால் அவசரப்படுகிறவர்களுக்கு ஆகாது. எனக்கு மொத்தம் ஐந்து வாரம் ஆனது. அதில் பாதி நாள் எதுவும் செய்யாமல் காயவிட்டுக் காத்திருந்ததுதான்.

எங்களுடையது 1967 மாடல், இரண்டு கதவு வண்டி. இங்கிலாந்தில் 1959-ல் டிரயம்ப் ஹெரால்டு என்று வந்த அதே கார்தான். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு பெயரில் செய்தார்கள். 25 அடி வட்டத்துக்குள் முழுசாகத் திரும்பிவிடும் என்பதுதான் அந்தக் காலத்தில் இதன் பெருமை. எங்கள் தெரு முனையில் இன்றைக்கும் ஆட்டோக்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

அப்பா பல வருடமாக ஸ்டியரிங்குக்கு ரெக்சின் உறை தைத்துப் போட்டிருந்தார். அதைப் பிரித்தபோதுதான் நிலைமை தெரிந்தது. வளையத்தில் குறுக்காக ஏழு இடத்தில் வெடிப்பு. இரண்டு இடத்தில் இடைவெளி அரிசி நுழையும் அளவுக்கு. உள்ளே துருப்பிடித்த இரும்பு எட்டிப் பார்த்தது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. உள்ளே இரும்பு வளையம், மேலே வார்த்த பிளாஸ்டிக். பிளாஸ்டிக் வருடக்கணக்கில் வெயிலில் காய்ந்து சுருங்குகிறது, இரும்பு சுருங்குவதில்லை. அதனால் மேல் தோல் தானாகவே பிளக்கிறது. அப்புறம் கை வியர்வை உள்ளே இறங்கி இரும்பைத் தின்கிறது. உறை போட்டால் விரிசல் மறையும், ஈரம் இன்னும் நன்றாகத் தங்கும். உறை போட்டு ஓட்டுகிறவர்கள் ஒரு தடவை பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

முதலில் கழற்றுவது. ஸ்டியரிங் வீல்கள் ஓட்டிக் கெட்டதைவிடக் கழற்றிக் கெட்டதுதான் அதிகம் என்பது என் எண்ணம். எங்கள் வீலின் நடுக்குமிழில் பின்பக்கம் ஒரு துண்டு பெயர்ந்திருக்கிறது. முன்பு ஒரு பட்டறையில் இண்டிகேட்டர் சுவிட்சு மாற்ற வீலைக் கழற்றியபோது பின்னாலிருந்து சுத்தியலால் தட்டியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் கழித்துத்தான் பார்த்தோம்.

பேட்டரி வயரை எடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். இல்லாவிட்டால் ஹாரன் வயர் எங்காவது உரசி, தெருவே கேட்கும்படி அலறும். முன் சக்கரங்கள் நேராக இருக்கட்டும். நடுவில் இருக்கும் ஹாரன் பட்டனை நகத்தாலோ பிளாஸ்டிக் பட்டையாலோ நெம்பினால் வந்துவிடும். ஸ்க்ரூ டிரைவர் வேண்டாம், விளிம்பு சிதையும். பட்டனுக்குப் பின்னால் பென்சில் துண்டு போல ஒரு சின்னக் குச்சி இருக்கும். ஹாரனுக்கு மின்சாரத்தை இணைப்பது அதுதான். என்னுடையது கழன்ற வேகத்தில் துள்ளி சீட்டின் தண்டவாளத்துக்குள் போய்விட்டது. மூன்று நாள் கழித்துக் கிடைத்தது. மடியில் ஒரு துண்டை விரித்துக்கொண்டு உட்காருங்கள்.

உள்ளே பெரிய நட்டு தெரியும். அதைத் தொடுவதற்கு முன்னால், தண்டின் முனையிலும் வீலின் குமிழிலும் நேர்க்கோட்டில் சென்டர் பஞ்சால் ஒவ்வொரு புள்ளி குத்திவையுங்கள். மார்க்கர் பேனா கோடு எண்ணெய் பட்டதும் போய்விடும். போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நட்டை முழுக்கக் கழற்றக்கூடாது. எங்கள் பகுதியில் பழைய வண்டி பார்க்கும் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார், எழுபது வயதுக்கு மேல். போனில் கேட்டபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "தம்பி, நட்டை எடுத்துட்டு இழுக்காதீங்க, மூக்கு போயிடும்." வீல் பல் பதிந்த தண்டில் இறுகி உட்கார்ந்திருக்கும். பலமாக இழுத்துக்கொண்டே இருக்கும்போது ஒரு நொடியில் விட்டுக்கொடுக்கும், நேராக முகத்துக்கு வரும். இரண்டு மூன்று சுற்று மரை பிடித்திருக்கும்படி நட்டை விட்டுவைத்தால் வீல் அதில் இடித்து நின்றுவிடும்.

முந்தின நாள் இரவே பல்லில் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஊறவைத்தேன். காலையில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி இழுத்தேன். அசையவில்லை. இறுகிய பாகத்தைக் கால்களால் பிடித்து, நடு ஸ்க்ரூவைத் திருகி இழுக்கும் புல்லர் என்ற கருவியை வாடகைக்கு வாங்கி வந்து, அதன் கால்களைக் குமிழுக்கு அடியில் மாட்டினேன். ஆரக்காலில் மாட்டினால் ஆரக்கால் வளையும். புல்லரைக் கொஞ்சம் இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்து இன்னும் கால் சுற்று கொடுத்ததும் 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான்.

தண்டின் முனையில் சுத்தியலால் அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். எந்த வண்டியிலும் மரை நசுங்கும். ஹெரால்டில் இன்னொரு விஷயமும் உண்டு: விபத்தில் ஓட்டுகிறவர் நெஞ்சில் குத்தாமல் உள்வாங்கிச் சுருங்கும்படி அந்தத் தண்டைச் செய்திருக்கிறார்கள். அடிப்பது சரியாக அந்தத் திசையில்தான் போகும்.

கையில் வந்ததும் முதலில் இரும்பைச் சோதியுங்கள். எதிரெதிர்ப் பக்கம் பிடித்து முறுக்கிப் பாருங்கள். ஆரக்கால் வளையத்தோடு சேரும் இடத்தில் கிளிக் சத்தமோ அசைவோ இருந்தால் பற்றவைப்பு விட்டிருக்கிறது. அந்த வீலைச் சுவரில் மாட்டலாம், வண்டியில் மாட்டக்கூடாது. வேறு வீலைத் தேட வேண்டியதுதான். சென்னையில் இருப்பவர்கள் பழைய வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் புதுப்பேட்டையில் கேட்டுப் பார்க்கலாம்.

இரும்பு நன்றாக இருந்தால், பாத்திரம் தேய்க்கும் சோப்பும் பழைய டூத் பிரஷ்ஷும் போட்டுத் தேயுங்கள். எனக்குக் கறுப்புத் தண்ணீர் நான்கு தடவை வந்தது. அத்தனை வருடத்துக் கை எண்ணெய்! இது போகாமல் எதைப் பூசினாலும் ஒட்டாது.

அடுத்ததுதான் மனசு கேட்காத வேலை. விரிசலைப் பெரிதாக்க வேண்டும். முடி போன்ற விரிசலின் மேல் பசையைத் தடவினால் அது மேலேயே நிற்கும், ஒரே கோடையில் மறுபடி கோடு தெரியும். ஆக்சா பிளேடால் ஒவ்வொரு விரிசலையும் இரும்பு வரைக்கும் அறுத்து, அரத்தால் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் பள்ளம் போல ஆக்கினேன். இரும்பில் இருந்த துருவைச் சுரண்டினேன். ஏழு விரிசலும் ஏழு பள்ளமானதைப் பார்த்து அம்மா, "நல்லாத்தானே இருந்துச்சு, எதுக்குடா இப்படிப் பண்ணி வெச்சிருக்க?" என்றார்.

பள்ளத்துக்குள் முதலில் ஆரால்டைட்டை மெல்லியதாகத் தடவி, அது காய்வதற்குள் எம்-சீலைப் பிசைந்து அழுத்தினேன். ஐந்து நிமிட ஆரால்டைட் வேண்டாம், மெதுவாக இறுகும் வகைதான் பலம். மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்படி நிரப்பிவிட்டு, ஒரு முழு நாள் தொடாதீர்கள். ஈரக் கையால் தடவி விட்டால் தேய்க்கும் வேலை குறையும்.

தேய்ப்பதில் நான் ஒரு தப்பு செய்தேன். உப்புத்தாளை விரலில் சுற்றித் தேய்த்தேன். காய்ந்த எம்-சீல் பழைய பிளாஸ்டிக்கைவிடக் கெட்டி. அதனால் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் தேய்ந்துபோய், எம்-சீல் மேடாக நின்றது. கண்ணுக்குத் தெரியவில்லை, கண்ணை மூடிக் கட்டைவிரலை ஓட்டினால் தெரிந்தது. மறுபடி நிரப்பி, இந்தத் தடவை பிவிசி பைப்பை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து, உள்பக்கம் தாளை ஒட்டி அதைக்கொண்டு தேய்த்தேன். வளையத்தின் உருட்சி அப்படியே வந்தது. பின்பக்கம் விரல் பதியும் பள்ளங்களுக்குப் பழைய பேனா மூடியில் தாளைச் சுற்றிக்கொண்டேன். தாளின் நம்பர் ஏற ஏற அது நைசாகும்: 120-ல் ஆரம்பித்து 220, 400, கடைசியில் தண்ணீர் தொட்டு 600.

இதுவரை பொருட்களுக்கு 500 ரூபாய்க்குள்தான் செலவு. பெயிண்டை மட்டும் டிங்கரிங் கடையில் கொடுத்துவிட்டேன். கையும் வியர்வையும் படும் இடத்துக்கு இரண்டு பாகம் கலக்கும் பியூ (பாலியூரிதேன்) பெயிண்ட்தான் நிற்கும். அதன் புகையில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது, சாதாரணத் துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. வீட்டு மொட்டை மாடியில் அடிக்காதீர்கள். பளபளப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். ஹாரன் பட்டன் மூடியிருந்த இடத்தில் வெயில் படாத பழைய கறுப்பு அப்படியே இருந்தது, அதைக் காட்டினேன். பாதி மினுக்கம்தான். பலபேர் கண்ணாடி மாதிரி அடித்துவிடுகிறார்கள், வெயிலில் கண் கூசும், பழைய வண்டிக்குப் பொருந்தவும் பொருந்தாது.

திரும்பப் பூட்டும் முன் ஒரு வாரம் காயவிட்டேன். தண்டின் பல்லைச் சுத்தம் செய்து கிரீஸ் லேசாகத் தடவினேன், அடுத்து கழற்றுகிறவர் வாழ்த்துவார். புள்ளியோடு புள்ளி சேர்த்து உட்கார வைத்தேன். ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் வண்டி நேராகப் போகும்போது வீல் கோணலாக நிற்கும். நட்டை வண்டியின் மேனுவலில் சொன்ன இறுக்கத்துக்கு இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்கினேன். தெருவில் மெதுவாக ஓட்டி, இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பி, இண்டிகேட்டர் தானாக அணைகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மெயின் ரோட்டுக்குப் போனேன்.

ஒன்பது மாதம் ஆகிறது. ஆறு விரிசல் இருந்த இடமே தெரியவில்லை. ஆரக்காலை ஒட்டிய ஏழாவதில் மட்டும் மெல்லிய கோடு ஒன்று திரும்ப வந்திருக்கிறது, அங்கே நான் இரும்பு வரைக்கும் அறுக்கப் பயந்துவிட்டேன். அப்புறம், வலது பக்கம் முழுசாக ஒடித்தால் ஹாரன் தானாக ஒரு தடவை அடிக்கிறது. அந்தக் குச்சியின் ஸ்பிரிங்காக இருக்கும். மழை விட்டதும் பார்க்க வேண்டும்.