ராத்திரி பயமும் ஜெபமும்: சண்டே ஸ்கூல் டீச்சரிடம் கேள்வி பதில்

ஊர் குளச்சல் பக்கம். முப்பது வருடமாக சண்டே ஸ்கூலில் சின்ன வகுப்புப் பிள்ளைகளோடு இருக்கிறேன். டாக்டரும் இல்லை, போதகரும் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

கேள்வி: மகனுக்கு ஐந்து வயது. விளக்கை அணைத்தால் அழுகிறான். 91ஆம் சங்கீதத்தை மனப்பாடம் செய்ய வைத்தேன். பயம் கூடிவிட்டது, டீச்சர்.

கூடத்தான் செய்யும். அதில் இருளில் நடமாடும் கொள்ளைநோய் வருகிறது, சிங்கம் வருகிறது, விரியன் பாம்பு வருகிறது. அதுவரை கட்டிலுக்கு அடியில் ஒன்றும் இல்லாமல் இருந்தது!

ஐந்து வயதுக்கு ஒரு வரி போதும்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்" (சங்கீதம் 56:3). இந்த வரியில் 'பயப்படமாட்டேன்' என்று தாவீது சொல்லவில்லை, கவனித்தீர்களா? பயம் இருக்கும்போதே நம்புகிறார். பிள்ளைக்கு இது பெரிய ஆறுதல்.

அப்புறம், எதைப் பார்த்துப் பயம் என்று அவன் வாயாலேயே சொல்ல விடுங்கள். என் வகுப்புப் பையன் ஒருவன் இப்படி ஜெபித்தான்: "இயேசப்பா, ஆணியில தொங்குற அப்பா கோட்டு ராத்திரி ஆள் மாதிரி நிக்குது." ஆமென் சொல்லி முடித்ததும் அவன் அம்மா போய் மழைக்கோட்டைக் கழற்றி அலமாரிக்குள் வைத்துவிட்டார். 'அப்படியானால் ஜெபம் எதற்கு' என்று கேட்காதீர்கள். ஜெபத்தில்தானே கோட்டு விஷயம் வெளியே வந்தது? தினமும் அதே நேரம், அதே வரி, தலையில் கை வைத்து, இரண்டு நிமிடம். சின்ன விளக்கு எரிந்தால் விசுவாசம் ஒன்றும் குறைந்துவிடாது.

கேள்வி: நான்கு வயது மகள் தூங்கி ஒரு மணி நேரத்தில் அலறி எழுகிறாள். கண் திறந்திருக்கிறது, என்னையே தெரியவில்லை. காலையில் கேட்டால் ஞாபகம் இல்லை. எண்ணெய் பூசி ஜெபித்தோம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டாக்டர்கள் 'நைட் டெரர்' என்பார்களே, அது போலத் தெரிகிறது. கெட்ட கனவு பெரும்பாலும் விடியும் பக்கம் வரும், பிள்ளைக்கு ஞாபகமும் இருக்கும். இது முன்னிரவில், ஆழ்ந்த தூக்கத்தில் வருவது. உலுக்கி எழுப்பாதீர்கள். கீழே விழாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக ஜெபியுங்கள். சில நிமிடங்களில் அடங்கும். அடிக்கடி வந்தாலோ கை கால் வெட்டி இழுத்தாலோ குழந்தைகள் டாக்டரிடம் போங்கள். சுற்றி நின்று சத்தம் போட்டு ஜெபிப்பது மட்டும் வேண்டாம்.

கேள்வி: சிஸ்டர், பயமே ஒரு ஆவி. தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடுக்கவில்லை என்கிறதே, 2 தீமோத்தேயு 1:7 வாசியுங்கள். அதைக் கட்டித் துரத்தாமல் கோட்டைக் கழற்று, டாக்டரைப் பார் என்கிறீர்கள். ஆவிக்குரியதல்ல, மாம்சீகமான ஆலோசனை.

வாசித்திருக்கிறேன், பிரதர். அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். சாட்சியைக் குறித்து வெட்கப்படாதே என்று பவுல் ஒரு வளர்ந்த ஊழியக்காரனுக்கு எழுதுகிறார். பல்லிக்குப் பயப்படும் பிள்ளைக்கு எழுதியதல்ல. 'உனக்குள்ளே ஆவி இருக்கிறது' என்று ஆறு வயதுப் பிள்ளையிடம் சொல்லிவிட்டால், அதுவரை பயம் அலமாரியில் இருந்தது, இனிமேல் அதன் வயிற்றுக்குள். அந்தப் பிள்ளை எங்கே ஓடும்?

(அதே பிரதர்): விசுவாசம் இருந்தால் பயம் வராது.

சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில் ஆண்டவர் "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்" என்று மாற்கு 14:33 சொல்கிறது. அவருக்கு விசுவாசம் இல்லையா? யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசியைத் தூதன் அதட்டவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். இதுவும் மாம்சீகமா?

கேள்வி: என் பையனும் இருட்டுக்குப் பயப்படுகிறான்…

முதல் பதில்.

கேள்வி: விடுமுறை வேதாகமப் பள்ளியில், இயேசு திரும்பி வந்து தம்முடையவர்களை எடுத்துக்கொண்டு போவார் என்று இரண்டாம் வருகை பற்றிப் படம் காட்டினார்கள். மகள் என்னை பாத்ரூமுக்குக்கூடத் தனியாக விடமாட்டேன் என்கிறாள்.

இதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். எனக்குத் தெரிந்த ஒரு பெண்பிள்ளை பள்ளி விட்டு வந்திருக்கிறாள். அடுப்பில் சோறு கொதிக்கிறது, அம்மாவைக் காணோம். அம்மா புறவாசலில் மீன்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தார். உள்ளே வந்து பார்த்தால் பிள்ளை அரிசி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து, "எல்லாரும் போயிட்டாங்க, என்னை மட்டும் விட்டுட்டாங்க" என்று நடுங்குகிறாள்.

"சிறு பிள்ளைகள் என்னிடத்தில் வருகிறதற்கு இடங்கொடுங்கள்" என்றவர் பிள்ளையை விட்டுவிட்டு அம்மாவை மட்டும் கூட்டிக்கொண்டு போகமாட்டார் என்று தெளிவாகச் சொல்லுங்கள். எங்கே போனாலும் சொல்லிவிட்டுப் போங்கள். படம் காட்டியவர்களிடமும் பேசுங்கள்.

கேள்வி: சாப்பிடாவிட்டால் இயேசப்பா அடிப்பார் என்கிறார் மாமியார்.

பகலில் பூச்சாண்டியாக்கியவரை ராத்திரி பிள்ளை எப்படித் துணைக்குக் கூப்பிடும்? மாமியாரிடம் உங்கள் வீட்டுக்காரரைப் பேசச் சொல்லுங்கள்.

கேள்வி: தலையணைக்கு அடியில் வேதாகமம் வைக்கலாமா?

தாயத்து கட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? எடுத்து வாசியுங்கள்.

கேள்வி: எட்டு வயது மகன் டியூஷன் என்றால் வயிற்றுவலி என்கிறான். தைரியத்துக்கு என்ன ஜெபம் சொல்லித்தரலாம்?

ஜெபம் இருக்கட்டும், முதலில் டியூஷனை நிறுத்துங்கள். திட்டாமல், அவசரப்படாமல் கேளுங்கள்: யாராவது அடிக்கிறார்களா, தொடுகிறார்களா, மிரட்டுகிறார்களா? சில பயங்கள் பிள்ளையைக் காப்பாற்ற வந்தவை, அவற்றை ஜெபித்து அமுக்கக்கூடாது. அப்படி ஏதாவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. சபை மானம், குடும்ப மானம் எல்லாம் அப்புறம்.

கேள்வி: பயத்துக்கு இயேசு புயலை அமர்த்திய கதை நல்லதுதானே, டீச்சர்?

நல்ல கதைதான். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு முகாமில் இருந்த பிள்ளைகளுக்கு அதைத்தான் சொன்னேன். அவர் எழுந்து காற்றை அதட்டினார் என்றதும் ஒரு பையன் கேட்டான்: "அன்னைக்கு ஏன் அதட்டல?" தெரியலை மக்களே என்றேன். வேறு வார்த்தை வரவில்லை. அவன் போகவில்லை, மடியில் வந்து உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரம் கழித்து, "படகுல தலையணை எப்படி வந்துச்சு?" என்றான். ஆமாம், மாற்கு 4:38இல் தலையணை இருக்கிறது. அன்றைக்கு மீதி நேரமெல்லாம் தலையணையைப் பற்றித்தான் பேசினோம்.

(பிரதர்): 2 தீமோத்தேயுவுக்கு இன்னும் சரியான பதில் வரவில்லை.

வராது, பிரதர். எனக்கு நாளைக்குப் பாடம் தயார் செய்ய வேண்டும்.