பட்டையில் வெள்ளைத் திட்டு, கிளையில் தாடி: லைக்கன் கேள்வி-பதில்

எங்கள் பாக்குத் தோப்பில் மரமெல்லாம் வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுகள். என்ன மருந்து அடிக்கலாம்? (பொள்ளாச்சி வாசகர்)

மருந்துக் கடைக்குப் போக வேண்டாம். அது நோயல்ல, லைக்கன். ஒரு பூஞ்சை பாசியைத் தனக்குள் குடிவைத்துக்கொண்டு, அந்தப் பாசி வெயிலில் தயாரிக்கும் சர்க்கரையில் பிழைக்கிறது. மரத்திடம் அதற்கு வேண்டியது உட்கார இடம் மட்டுமே.

உங்கள் தோப்பில் இருப்பது கிரஸ்டோஸ் எனப்படும் ஓட்டு வடிவம். நகத்தால் பெயர்க்க வராது. கத்தியால் சுரண்டினால் பட்டையும் சேர்ந்துதான் வரும். உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். வெள்ளைத் திட்டின் மேல் கறுப்புக் கிறுக்கல்கள் தெரிந்தால் அது பெரும்பாலும் கிராஃபிஸ் வகை. வழவழப்பான பட்டையும் தோப்பு நிழலும் அதற்குத் தோதானவை.

மரம் வேறு காரணத்தால் நலிந்து மட்டை குறைந்தால் தண்டில் வெளிச்சம் கூடும், லைக்கனும் கூடும். உடனே பழி லைக்கன் மேல் விழுகிறது! வேரையும் நீரையும் பாருங்கள். காய் அழுகலுக்கு அடிக்கும் போர்டோ கலவை லைக்கனையும் கொல்லும்தான். ஆனால் லைக்கனுக்காகவே அதை அடிப்பது வீண் செலவு.

கொடைக்கானலில் மரக்கிளைகளில் சாம்பல் பச்சையாகத் தாடி தொங்குகிறது. புல்லுருவியா? (மதுரை வாசகி)

இல்லை. புல்லுருவி மரத்துக்குள் உறிஞ்சு வேரை விடும். இந்தத் தாடி பட்டையின் மேற்புறத்தைப் பிடித்துக்கொள்வதோடு சரி. பெயர் அஸ்னியா. சந்தேகமிருந்தால் கீழே உதிர்ந்து கிடக்கும் இழை ஒன்றை எடுத்து, ஈரமாக்கி மெதுவாக இழுத்துப் பாருங்கள். மேல்தோல் உடைந்து, உள்ளே ரப்பர் போல நீளும் வெள்ளை நரம்பு தெரியும். வேறு எந்தத் தாடியிலும் இதைப் பார்க்க முடியாது.

இது ஃபுருட்டிகோஸ், அதாவது புதர் வடிவம். ஓட்டு வடிவத்துக்கு நேர் எதிராக, ஒரு முனையில் மட்டும் ஒட்டிக்கொண்டு உடலைக் காற்றில் விடுகிறது. பச்சைப் பாசியைக் குடிவைத்த லைக்கன்கள் மழையில்லாமல் ஈரக்காற்றிலிருந்தே நீரை எடுத்துக்கொண்டு உயிர்ச்செயலைத் தொடங்கிவிடும். மூடுபனி தவழும் சோலைகளில் தாடி செழிப்பது அதனால்தான். ஈரக்காற்று கிடைத்தால் மலை வேண்டும் என்பதுகூட இல்லை. பிச்சாவரத்தில் சதுப்புநில மரங்களின் தண்டைப் பாருங்கள்: கடல் மட்டத்திலேயே ரொசெல்லா என்ற புதர் லைக்கன் கொத்துக் கொத்தாகத் தொங்கும். பள்ளி ஆய்வகத்து லிட்மஸ் சாயம் இந்த இனத்து லைக்கன்களிலிருந்து எடுக்கப்பட்டதுதான்.

செட்டிநாட்டுச் சமையலில் போடும் கல்பாசியும் லைக்கனா? மலையில் நாமே பறிக்கலாமா? (காரைக்குடி வாசகி)

லைக்கனேதான். பார்மோட்ரீமா என்ற இலை வடிவ வகை. பாறையில் மட்டுமல்லாமல் மரப்பட்டையிலும் வளரும். மேற்புறம் சாம்பல், அடிப்புறம் கறுப்பு. இப்படி மேலும் கீழும் வேறுபட்டிருப்பது இலை வடிவத்தின் அடையாளம்.

பறிக்க வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதியின்றி எடுப்பது குற்றம் என்பது ஒருபுறம். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கும் லைக்கன்களில் நஞ்சுள்ளவையும் உண்டு என்பது மறுபுறம். ஸ்காண்டிநேவியாவில் ஓநாய்களைக் கொல்லவே லெத்தாரியா என்ற மஞ்சள் லைக்கனை இறைச்சியில் கலந்து வைத்திருக்கிறார்கள்.

சென்னைச் சாலையோர மரங்களில் தாடி லைக்கனே இல்லையே, காற்று கெட்டதாலா? (அண்ணா நகர் வாசகர்)

அவசரப்படாதீர்கள். 1866-இல் லைக்கன் ஆய்வாளர் வில்லியம் நைலாந்தர் பாரிஸின் லக்சம்பர்க் பூங்காவை வைத்து, நகரக் காற்று லைக்கன்களை விரட்டுகிறது என்று எழுதினார். கந்தக டை ஆக்சைடுக்கு முதலில் மடிவது பெரும்பாலும் புதர் வடிவம், கடைசிவரை தாக்குப்பிடிப்பது ஓட்டு வடிவம் என்பதும் பொதுவாகச் சரி. ஆனால் சென்னையின் வெயிலில் அஸ்னியாவை எதிர்பார்ப்பதே தவறு. ஒரே ஊருக்குள், ஒரே வகை மரத்தில், சந்தடியான சாலையையும் அமைதியான வளாகத்தையும் ஒப்பிடுங்கள். பிக்ஸைன் போன்ற சில சாம்பல் நிற லைக்கன்கள் சாலைத் தூசியிலும் நன்றாகவே வளரும். ஆகவே லைக்கன் இருந்தாலே காற்று சுத்தம் என்றும் முடிவு கட்டிவிட முடியாது.

மழைக்காலத்தில் சுற்றுச்சுவர் செம்மஞ்சளாகிறது. இதுவும் லைக்கனா? (நாகர்கோவில் வாசகர்)

தடவினால் வெல்வெட் போலிருந்தால் அது ட்ரெண்டிபோலியா. தனித்து வாழும் பச்சைப் பாசி; நிறம்தான் செம்மஞ்சள். இதே பாசிதான் பல கிராஃபிஸ் லைக்கன்களுக்குள்ளும் குடியிருக்கிறது.

எங்கள் ஊர்ப் பழைய கோயிலின் கல்வெட்டை லைக்கன் மூடுகிறது. அமிலம் ஊற்றிக் கழுவலாம் என்கிறார்கள். (கும்பகோணம் வாசகர்)

கூடவே கூடாது. லைக்கனின் பூஞ்சை இழைகள் கல்மணிகளுக்கு இடையே இறங்கியிருக்கும். அது சுரக்கும் ஆக்சாலிக் அமிலம் கல்லை மெல்லத் தின்பதும் உண்மை. ஆனால் அது பல ஆண்டுகளில் செய்வதைக் கம்பித் தூரிகையும் அமிலமும் ஒரே பிற்பகலில் செய்துவிடும்; எழுத்தும் சேர்ந்து போகும். முதலில் நல்ல புகைப்படமும் மைப்படியும் (ஈரத் தாளைக் கல்லில் ஒற்றி, மை தடவி எடுக்கும் எழுத்துப் படி) எடுக்க ஏற்பாடு செய்யுங்கள். மைப்படி எடுப்பதையும் பழகியவர்களிடம் விடுங்கள். கூரை ஒழுகலோ, சுவரை ஒட்டி நிற்கும் நீரோ இருந்தால் சரிசெய்யுங்கள். ஈரம் குறைந்தால் பரவலும் குறையும். கல்லைச் சுத்தம் செய்வது தொல்லியல் துறை வேதியியலாளர்களின் வேலை. அவர்களுக்கு எழுத்துப்பூர்வமாக விண்ணப்பியுங்கள்.