டேபிளின் தலைப்பு வரிசை மேலேயே நிற்க வேண்டும், எல்லா பிரவுசரிலும். எப்படிச் செய்வது?

கேள்வியில் இருப்பது இதுதான்: நீளமான டேபிள், டிபாடிக்கு (தலைப்புக்குக் கீழே உள்ள வரிசைகள் அடங்கிய பகுதி) சிஎஸ்எஸ்ஸில் டிஸ்ப்ளே: பிளாக் கொடுத்து, உயரம் வைத்து ஸ்க்ரோல் ஆக்கியிருக்கிறீர்கள். ஒரு பிரவுசரில் சரியாகத் தெரிகிறது, இன்னொன்றில் தலைப்பு ஒரு பக்கம், தகவல் ஒரு பக்கம் என்று விலகி நிற்கிறது.

முதலில் அந்த டிஸ்ப்ளே: பிளாக்கை எடுத்துவிடுங்கள். டிபாடி பிளாக் ஆனதும் டேபிளின் அகலக் கணக்கிலிருந்து அது கழன்றுவிடும். தலைப்பு ஒரு கணக்குப் போடும், கீழே உள்ள வரிசைகள் வேறொரு கணக்குப் போடும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் அகலம் எழுதிச் சமாளிக்கலாம் என்றால், ஸ்க்ரோல்பார் வந்து கெடுக்கும். விண்டோஸில் அது வழக்கமாக 15, 17 பிக்சல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மேக்கில் டிராக்பேட் வைத்திருப்பவருக்கு அது எழுத்தின் மேலேயே மிதக்கும், இடமே எடுக்காது. ஆக, உங்கள் மெஷினில் பொருந்தியது அடுத்தவர் மெஷினில் பொருந்தாது. தலைப்பை மட்டும் தனி டேபிளாக நகலெடுத்து மேலே ஒட்டும் பழைய ஜேக்வெரி (ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) பிளகின்களும் இந்தச் சண்டையைத்தான் போட்டுக்கொண்டிருந்தன. இன்று அதெல்லாம் வேண்டாம்.

டேபிளை ஒரு டிவ்வுக்குள் (வெறும் பெட்டி) வையுங்கள். டிவ்வுக்கு மேக்ஸ்-ஹைட்: 70விஎச் (திரை உயரத்தில் 70 சதவீதம்), ஓவர்ஃப்ளோ: ஆட்டோ. தலைப்பில் உள்ள ஒவ்வொரு டிஎச்சுக்கும் (தலைப்புச் செல்) பொசிஷன்: ஸ்டிக்கி, டாப்: 0, கூடவே ஒரு பின்னணி நிறம். நிறம் கொடுக்காவிட்டால் கீழே ஓடும் எழுத்து தலைப்புக்குள் தெரியும். அவ்வளவுதான், ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட இல்லை.

தலைப்புப் பகுதி முழுவதற்குமான டிஹெட்டுக்கே கொடுத்தால் போதாதா என்று தோன்றும். குரோம் 2017-இல் 56-ஆம் பதிப்பிலிருந்தே டிஎச்சில் ஸ்டிக்கியை ஏற்றது. டிஹெட்டிலும், வரிசைக்கான டிஆரிலும் 2021-இல் 91 வந்த பிறகுதான். பழைய பதிப்பு வைத்திருப்பவரையும் நினைத்து நான் இன்னும் டிஎச்சுக்கே எழுதுகிறேன். சஃபாரியில் 13-க்கு முன் ஸ்டிக்கிக்கு முன்னால் வெப்கிட் என்ற முன்னொட்டு தேவைப்பட்டது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11 இதைக் கண்டுகொள்ளவே இல்லை. அங்கே தலைப்பு சும்மா மேலே போய்விடும், டேபிள் உடையாது. அந்த அளவு போதும், அதற்காக மெனக்கெட வேண்டாம்.

அப்புறம், "ஸ்டிக்கி வேலை செய்யவில்லை" என்ற புகார். பெரும்பாலும் குற்றவாளி பிரவுசர் அல்ல, மேலே எங்கோ இருக்கும் ஓவர்ஃப்ளோ. ஸ்டிக்கி ஒட்டுவது திரையின் விளிம்பில் அல்ல, தனக்கு மேலே உள்ள மிக நெருங்கிய ஸ்க்ரோல் பெட்டியின் விளிம்பில். மொபைலில் அகலமான டேபிள் பக்கவாட்டில் நகரட்டும் என்று ஓவர்ஃப்ளோ-எக்ஸ்: ஆட்டோ மட்டும் போடுவோம். ஒரு திசையில் ஆட்டோ வந்துவிட்டால் மறு திசையில் விசிபிள் இருக்க முடியாது, அதையும் பிரவுசர் ஆட்டோ ஆக்கிவிடும். இப்போது அந்த டிவ்தான் ஸ்க்ரோல் பெட்டி. உயரக் கட்டுப்பாடு இல்லாததால் அதற்குள் மேல் கீழாக எதுவும் நகராது. பக்கம் முழுவதும் நகரும்போது தலைப்பும் கூடவே போய்விடும். இதற்கு மருந்து, அதே டிவ்வுக்கு மேக்ஸ்-ஹைட் கொடுப்பது.

மூலை வளைவுக்காக யாரோ ஓவர்ஃப்ளோ: ஹிடன் போட்டிருந்தாலும் இதே கதைதான். அங்கே ஹிடனுக்குப் பதில் கிளிப் எழுதுங்கள். அது ஸ்க்ரோல் பெட்டியை உருவாக்காது. குரோம் 90, ஃபயர்பாக்ஸ் 81, சஃபாரி 16 முதல் உண்டு. யார் போட்டது என்று தெரியாவிட்டால், பிரவுசரின் டெவ்டூல்ஸில் (எஃப்12) டிஎச்சைத் தேர்ந்து, ஒவ்வொரு படியாக மேலே ஏறி, கம்ப்யூட்டட் பகுதியில் ஓவர்ஃப்ளோ என்ன என்று பாருங்கள். விசிபிள், கிளிப் இரண்டும் அல்லாத முதல் ஆள்தான் நீங்கள் தேடுபவர்.

பார்டர் விஷயம் கொஞ்சம் எரிச்சலானது. டேபிளுக்கு பார்டர்-கொலாப்ஸ்: கொலாப்ஸ் (அடுத்தடுத்த செல்களின் கோடுகளை ஒன்றாக்குவது) இருந்தால் ஸ்க்ரோல் செய்யும்போது தலைப்பின் கோடு வரிசைகளோடு ஓடிவிடும், ஏனென்றால் அந்தக் கோடு டேபிளுக்குச் சொந்தம், செல்லுக்கு அல்ல. செபரேட் ஆக்கி, பார்டர்-ஸ்பேசிங்: 0 வைத்து, செல்களுக்குக் கீழ்க்கோடும் வலக்கோடும் மட்டும் போடுங்கள்.

இடது நெடுவரிசையும் நிற்க வேண்டுமானால் அதன் செல்களுக்கும் பொசிஷன்: ஸ்டிக்கி, பின்னணி நிறம், லெஃப்ட்: 0. எது மேலே தெரிய வேண்டும் என்று சொல்லும் இசட்-இண்டெக்ஸ் இடது செல்களுக்கு 1, தலைப்புக்கு 2, இரண்டும் சேரும் மூலைக்கு 3.

மவுஸ் இல்லாதவரும் கீபோர்டால் ஸ்க்ரோல் செய்ய டிவ்வுக்கு டேப்-இண்டெக்ஸ் 0 கொடுங்கள். பிரிண்ட் ஸ்டைலில் மேக்ஸ்-ஹைட்: நன், ஓவர்ஃப்ளோ: விசிபிள் என்று மாற்றுங்கள், இல்லையென்றால் திரையில் தெரிந்த வரிசைகள் மட்டும் தாளில் வந்து, மீதி வெட்டுப்படும்.