கோபிக்கு குரல் இல்லையா?

வணக்கம் சார்,
நீங்க சொன்னீங்கன்னு 1964ல லண்டன் கோவென்ட் கார்டன் ஆபரா அரங்குல எடுத்த, புச்சினியோட ‘டோஸ்கா’ ஆபரா ரெண்டாம் அங்கம் வீடியோ பாத்தேன். டோஸ்காவா பாடுற மரியா காலஸுக்காகத்தான் உக்காந்தேன், ஆனா வில்லன் போலீஸ் தலைவன் ஸ்கார்பியாவா வர்ற டிட்டோ கோபிய விட்டு கண்ண எடுக்க முடியல. அப்புறம் விமர்சனங்கள தேடிப் படிச்சா எல்லாரும் ‘என்னா நடிகர்’னே எழுதுறாங்க. ஒரு பாரிடோன (நடுத்தரமான ஆண் குரல்ல பாடுறவர) நடிகர்னு புகழ்ந்தா, பாட்டு சுமார்னு நாசூக்கா சொல்றதுதானே?

வணக்கம்.
பாதி சரி. இன்னொரு பாரிடோன் பஸ்தியானினி பக்கத்துல வச்சா கோபி குரல்ல அந்த வழவழப்பு கிடையாது, உச்சத்துக்குப் போனா இறுகும், இதுல மறைக்க ஒண்ணுமில்ல. ஆனா நடிப்பு தனி பாட்டு தனின்னு கூறு போடுறீங்க பாருங்க, அதுதான் எனக்கு ஒத்து வரல.

வீடியோவ விடுங்க. 1953ல மிலான் லா ஸ்காலா ஆபரா அரங்குல, டி சபாட்டா ஆர்கெஸ்ட்ராவ நடத்த, எடுத்த டோஸ்கா ரெக்கார்டிங் இருக்கு, அதே காலஸ், அதே கோபி. அதுல முதல் அங்கத்துல தன் பகுதிய கோபிய 30 தடவை பாட வச்சாராம் டி சபாட்டா, ஒவ்வொரு அசைக்கும் குரலோட சாயல மாத்தி மாத்தி (நானா இருந்தா மூணாவது தடவையே வீட்டுக்குக் கெளம்பியிருப்பேன்). அது மேடையே இல்ல, மைக் முன்னாடி, அங்க முகத்த வச்சு என்ன பண்ண முடியும்?

ரெண்டாம் அங்கத்துல ஒரு சின்ன இடம். அவ காதலன சுடுற மாதிரி பாவ்லா பண்ணிட்டு விட்டுடுறேன்னு டோஸ்காகிட்ட ஸ்கார்பியா வாக்கு குடுத்துட்டு, அவ நிக்கும்போதே தன் கையாள் ஸ்போலெட்டாவ கூப்பிட்டு ‘பால்மியேரிக்கு பண்ணோமே, அதே மாதிரி’ன்னு சொல்வான். நெஜமாவே சுட்டுடுன்னு அர்த்தம், அவளுக்குப் புரியாது. சுமாரான பாரிடோனுங்க இங்க வில்லத்தனமா ஒரு அழுத்தம் குடுத்து, டோஸ்காவுக்கே புரிஞ்சிரும்போலன்னு பண்ணி வைப்பாங்க. கோபி ஆபீஸ் வேலை சொல்ற மாதிரி சாதாரணமா சொல்லிட்டுப் போயிடுவார், ஆனா அந்தப் பேரு ரெண்டாவது தடவ வரும்போது குரல் ஒரு நூல் அளவு கனக்கும், ஸ்போலெட்டாவுக்கு மட்டும். அத ஸ்ருதியும் தாளமும் பிசகாம செய்யணும், கீழ ஆர்கெஸ்ட்ரா காத்திருக்காது. இத பாட்டுன்னு சொல்லாம எதச் சொல்றது?

ஹெட்ஃபோன் போட்டு கேளுங்க. அப்புறமும் சுமார்னு தோணினா எழுதுங்க, சண்ட போடலாம்.