சூடானதும் இழுவை குறையும் பெட்ரோல் கார்

கார் சூடானதும் இழுவை குறைகிறது, இன்ஜெக்டரை (இன்ஜினுக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள். எனக்கு, டேங்கிலிருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப் மேல்தான் சந்தேகம். குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் ஏறும்போது இழுவை போகிறது, அரை மணி நேரம் ஆறவிட்டால் சரியாகிறது, டெம்பரேச்சர் முள்ளும் ஏறவில்லை என்கிறீர்கள். பழைய பம்ப் சூட்டில் தளரும்போது இப்படித்தான் ஆகும். டேங்குக்குள் இருக்கும் பம்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டுபவர் என்றால் சந்தேகம் இன்னும் கூடும்.

மார்த்தாண்டத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் ஃப்யூயல் பிரஷர் கேஜ் (பெட்ரோல் அழுத்தத்தை அளக்கும் கருவி) மாட்டிப் பாருங்கள். குளிர்ந்த இன்ஜினில் ஒரு அளவு, இழுவை போகும் அந்த நேரத்தில் ஒரு அளவு. இரண்டாவது அளவு இறங்கியிருந்தால் பம்ப் அல்லது அடைத்த பெட்ரோல் ஃபில்டர்தான் காரணம். இறங்கவே இல்லையா, அப்புறம் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலைப் பாருங்கள்.

கேஜை முதலிலேயே, இன்ஜின் ஆறியிருக்கும்போதே மாட்டிவிட வேண்டும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கலாம்.