அம்மாவுக்குக் கண் ஆபரேஷன்: சென்னையில் எங்கே ரூம் போடுவது?

கேள்வி: அம்மாவுக்கு வயது 68. நுங்கம்பாக்கம் சங்கர நேத்ராலயாவில் கண்புரை ஆபரேஷனுக்கு டிசம்பர் முதல் வாரத்தில் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான், மனைவி, அம்மா மூவரும் ரயிலில் வருகிறோம். ஆறு நாள் தங்க வேண்டியிருக்கும். முடிந்தால் கபாலீஸ்வரர் கோயிலுக்கும் தி.நகருக்கும் போக ஆசை. கிளாம்பாக்கம் பக்கம் வாடகை மலிவு என்கிறார் நண்பர். தி.நகர்தான் வசதி என்கிறார் மைத்துனர். இதற்கிடையே, ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே ரூம் பிடித்துத் தருகிறேன், 2,000 ரூபாய் முன்பணம் அனுப்புங்கள் என்று ஒருவர் போனில் சொல்கிறார். எந்த ஏரியாவில் தங்குவது? – தென்காசி வாசகர்

பதில்: எழும்பூரில் தங்குங்கள். ரயில் நிலையத்தின் முன்வாசலுக்கு எதிரே இருக்கும் காந்தி இர்வின் சாலை, கென்னட் லேன், அங்கிருந்து பாந்தியன் சாலை வரைக்குமான பகுதி. போனில் பேசியவருக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஏன் எழும்பூர்? ஆறு நாளில் நீங்கள் ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை மட்டும் போகப்போவதில்லை. பரிசோதனைக்கு ஒரு நாள், ஆபரேஷனுக்கு ஒரு நாள், மறுநாள் காலையில் கட்டுப் பிரித்துப் பார்க்க ஒரு நாள், ஊருக்குக் கிளம்பும் முன் இன்னொரு தடவை என்று குறைந்தது நான்கு முறை போய் வரவேண்டியிருக்கும். பரிசோதனை நாளன்று கண்பாப்பா விரிவதற்குச் சொட்டு மருந்து விடுவார்கள். அதற்குப் பிறகு சில மணி நேரம் எல்லாம் மங்கலாகத் தெரியும், வெயில் பட்டால் கண் கூசும். அந்த நிலையில் 68 வயது அம்மாவை எத்தனை முறை வண்டியில் ஏற்றி இறக்க வேண்டும் என்பதுதான் ஏரியாவைத் தீர்மானிக்க வேண்டும். வாடகையும் கடைத்தெருவும் அதற்கு அப்புறம்தான்.

எழும்பூரிலிருந்து ஆஸ்பத்திரி இருக்கும் காலேஜ் ரோடு சுமார் இரண்டு கிலோமீட்டர். பாந்தியன் சாலை வழியாக மியூசியத்தைத் தாண்டிக் கூவம் பாலத்தைக் கடந்தால் காலேஜ் ரோடு வந்துவிடும். ஒரே ஆட்டோ, இடையில் இறங்கி மாற வேண்டியதில்லை. உங்கள் ரயிலும் பெரும்பாலும் எழும்பூருக்குத்தான் வரும். ஆனால் நிலையத்தில் கட்டுமான வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் உங்கள் வண்டி எதுவரை ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாம்பரம்தான் என்றால் அங்கிருந்து எழும்பூருக்கு மின்சார ரயில் இருக்கிறது.

கிளாம்பாக்கம் வேண்டவே வேண்டாம். 2023 டிசம்பர் 30 அன்று திறந்த அந்தப் பேருந்து முனையம் நகரின் மையத்திலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அங்கே ரூம் போட்டால் பக்கத்து ஸ்டேஷனுக்கு ஒரு வண்டி, மின்சார ரயிலில் ஒரு மணி நேரம், இறங்கி இன்னொரு ஆட்டோ. வாடகையில் நாளுக்கு 500 ரூபாய் மிச்சமானாலும் பாதி ஆட்டோவில் போய்விடும், மீதி அம்மாவின் இடுப்பு வலியில் போய்விடும். தென்மாவட்டத்துக்காரர்களை ஊருக்கு வெளியே இறக்கிவிட முடிவெடுத்தவர்கள், ரயில் இணைப்பைச் செய்து முடித்துவிட்டு முனையத்தைத் திறந்திருக்க வேண்டும். நோயாளியை அழைத்து வருகிறவர்களை யாரும் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

தி.நகர் மோசமில்லை. வேறு மாதமாக இருந்தால் இரண்டாவது இடமாக அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நீங்கள் வருவது டிசம்பர் முதல் வாரம். 2015-ல் ஊர் மூழ்கியது டிசம்பர் 1, 2 தேதிகளில். 2023-ல் மிக்ஜாம் புயல் மழை கொட்டியது டிசம்பர் 3, 4-ல். மாம்பலம் பக்கம் ரயில் பாதை ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கிழக்கே தி.நகர், மேற்கே மேற்கு மாம்பலம். இரண்டுக்கும் இடையில் வண்டிகள் துரைசாமி சுரங்கப்பாதை, அரங்கநாதன் சுரங்கப்பாதை போன்றவற்றின் வழியாகத்தான் போகின்றன. பெரிய மழை பெய்தால் போலீஸ் முதலில் மூடுவது இந்த மாதிரிச் சுரங்கப்பாதைகளைத்தான். அப்போது பக்கத்துத் தெருவுக்குப் போகக்கூட வண்டி மேம்பாலம் தேடிச் சுற்ற வேண்டும், வரவும் தயங்கும். இதோடு மெட்ரோ வேலைக்காகத் தி.நகர்ச் சாலைகளில் தோண்டிய பள்ளமும் மாற்றுப்பாதையும் வேறு. எழும்பூரிலும் தண்ணீர் நிற்கும், நிற்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அங்கிருந்து காலேஜ் ரோடு போக எந்தச் சுரங்கப்பாதைக்குள்ளும் இறங்க வேண்டியதில்லை. மழைக்காக ஒரு விஷயம் கூடுதலாகக் கவனியுங்கள். தரைத்தள ரூம் எடுக்காதீர்கள், நான்காவது ஐந்தாவது மாடியும் எடுக்காதீர்கள். கீழ்த்தளத்தில் தண்ணீர் புகுந்தால் லிஃப்டை நிறுத்திவிடுவார்கள், அம்மா மாடியில் மாட்டிக்கொள்வார். முதல் மாடி, மிஞ்சினால் இரண்டாவது மாடி என்று சொல்லியே புக் செய்யுங்கள்.

திருவல்லிக்கேணியில் வாடகை குறைவு என்று யாராவது சொல்வார்கள். அங்கே பெரும்பாலானவை மேன்ஷன்கள். தனி ஆண்கள் மாத வாடகைக்கு இருக்கும் இடங்கள், பலவற்றில் பொதுக் கழிப்பறை. குடும்பத்தோடு போகும் இடமில்லை.

இப்போது, போனில் பேசிய அந்தத் தரகர். "ஆஸ்பத்திரிக்குப் பக்கத்திலேயே" என்ற வார்த்தைதான் இவர்களுடைய மூலதனம். பெரிய ஆஸ்பத்திரிகளைச் சுற்றி, முக்கியமாக கிரீம்ஸ் ரோட்டுச் சந்துகளில், வெளிமாநிலத்திலிருந்து வரும் நோயாளிகளை நம்பி ஏராளமான தங்கும் வீடுகள் வந்துவிட்டன. ஒழுங்காக நடத்துகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பெரிய அறையைப் பலகை வைத்து மூன்றாகத் தடுத்து, ஜன்னலே இல்லாத நடு அறையைக் கடைசியாக வருகிறவர் தலையில் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தரகருக்குப் போகும் கமிஷனை லாட்ஜ்காரர் தன் கையிலிருந்து கொடுப்பதில்லை, உங்கள் வாடகையில் ஏற்றிவிடுவார். அதுவும் ஒரு நாளைக்கு அல்ல, ஆறு நாளைக்கும். ஸ்டேஷன் வாசலில் "ரூம் வேணுமா சார்?" என்று வருகிறவரும், "நீங்க சொல்ற லாட்ஜ் மூடிட்டாங்க, நல்ல இடம் காட்டறேன்" என்கிற ஆட்டோக்காரரும் இதே கணக்குத்தான். லாட்ஜ் மூடிவிட்டது என்று யார் சொன்னாலும், அங்கேயே நின்று லாட்ஜுக்கு ஒரு போன் போடுங்கள்.

முன்பணத்தில் இன்னொரு மோசடி இருக்கிறது. இணைய வரைபடத்தில் ஒரு லாட்ஜின் பெயருக்குக் கீழே வேறு யாரோ தன் செல் நம்பரைப் போட்டுவிடுகிறார். நீங்கள் அழைத்தால் அழகாகப் பேசி யு.பி.ஐ. மூலம் பணம் வாங்கிக்கொள்வார். வந்து நின்றால் உங்கள் பெயரில் புக்கிங்கே இருக்காது. அதனால் பணம் அனுப்பும் முன், திரையில் வரும் பெயர் லாட்ஜின் பெயரா, தனி ஆள் பெயரா என்று பாருங்கள். தனி ஆள் பெயர் வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். இதைவிட நல்ல வழி, ஆஸ்பத்திரியின் விசாரணைப் பிரிவுக்கே போன் செய்து, வெளியூர் நோயாளிகள் தங்கும் இடங்களின் பட்டியல் இருக்கிறதா என்று கேட்பது. கேட்கிறவர்கள் குறைவு என்பதால்தான் தரகர் பிழைக்கிறார். சீக்கிரம் டாக்டரைப் பார்க்க ஏற்பாடு செய்கிறேன் என்றும் அதே தரகர் சொல்வார். அதற்கும் பணம் கொடுக்க வேண்டாம்.

லாட்ஜுக்குப் போன் செய்யும்போது முதலில் கேட்க வேண்டியது வாடகை அல்ல, செக்-அவுட் எந்தக் கணக்கு என்பது. 24 மணி நேரக் கணக்கு என்றால் காலை 7 மணிக்குப் போட்ட ரூம் மறுநாள் காலை 7 மணி வரை உங்களுடையது. பகல் 12 மணிக் கணக்கு என்றால், காலை 7 மணிக்கு நுழைந்து அன்றைக்கே 12 மணிக்கு ஒரு நாள் முடிந்துவிடும். ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நாள் வாடகை. இரவு ரயிலில் வந்து விடியலில் இறங்குகிற நம் ஊர்க்காரர்கள் வழக்கமாக ஏமாறும் இடம் இதுதான். எழும்பூரில் 24 மணி நேரக் கணக்கு லாட்ஜுகள் இன்னும் உண்டு, கேட்டு வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால், உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. டிக்கெட் உள்ளவர்கள் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் ஸ்டேஷன் ஓய்வறையைச் சில மணி நேரத்துக்கு எடுத்துக் குளித்துவிட்டுப் போகலாம். ஓய்வறை காலியாக இருந்தால்.

வரியையும் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், நாளுக்கு 7,500 ரூபாய் வரையிலான ரூமுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம்தான். இன்னமும் 12 சதவீதம் போட்டால் மறுத்துப் பேசுங்கள். பில்லில் ஜி.எஸ்.டி. பதிவு எண் இல்லையென்றால் வரி வாங்க அவர்களுக்கு உரிமையே கிடையாது. ஆதார் நகல் கேட்பார்கள். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரிகிற மறைத்த ஆதாரைக் கொடுத்து, அதன் குறுக்கே தேதியையும் "ரூமுக்காக மட்டும்" என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

முழுப் பணமும் கட்டுவதற்கு முன் ரூமைப் பார்த்தே ஆகவேண்டும். அம்மாவைக் கீழே உட்கார வைத்துவிட்டு நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். லிஃப்ட் இருக்கிறது என்பார்கள். வாசலிலிருந்து லிஃப்டுக்கு ஐந்தாறு படி ஏற வேண்டியிருக்கிறதா என்று எண்ணுங்கள், பழைய கட்டிடங்களில் அப்படித்தான் இருக்கும். பாத்ரூம் நிலைப்படி எவ்வளவு உயரம்? ஒரு கண்ணில் கட்டோடு வருகிறவர் தடுக்கி விழுவது அங்கேதான். மேல்நாட்டுக் கழிப்பறையா, பக்கத்தில் பிடிக்கக் கம்பியோ சுவரோ இருக்கிறதா? வெந்நீர்க் குழாயைத் திறந்து பாருங்கள். பல இடங்களில் காலை 6 முதல் 9 வரைதான் வெந்நீர் வரும். ஜன்னலைத் திறந்தால் ஜெனரேட்டர் புகை உள்ளே வருகிற ரூம் என்றால் வேறு கேளுங்கள், ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அது ஆகாது. சில சொட்டு மருந்தைக் குளிர்ச்சியில் வைக்கச் சொல்வார்கள். கவுண்டரில் ஃபிரிட்ஜில் வைத்துத் தருவார்களா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

ஆட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை. அரசு நிர்ணயித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன் பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இது 2013-ல் போட்டது. அதை வைத்து இன்று எந்த ஆட்டோவும் ஓடாது, ஓட்டுநரைக் குறை சொல்லவும் முடியாது. இத்தனை வருடம் கட்டணத்தைத் திருத்தாமல் விட்டுவிட்டு மீட்டர் போடவில்லை என்று கேஸ் எழுதுவது என்ன நியாயம்? நடுவில் நசுங்குவது நீங்கள். செயலியில் கட்டணத்தைப் பார்த்துவிட்டு, அதையொட்டிப் பேசி ஏறுங்கள். பஸ்ஸில் போவதானால், மாநகரப் பேருந்தின் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் அம்மாவுக்கும் மனைவிக்கும் டிக்கெட் இல்லை. பலவற்றில் இளஞ்சிவப்பு அடித்திருக்கும்.

மயிலாப்பூருக்கு ஆபரேஷனுக்கு முந்தைய நாள் மாலையில் போய்விடுங்கள். கோயில் நடுப்பகலில் மூடி மாலை 4 மணி வாக்கில் திறக்கும். தி.நகருக்கு அம்மாவை அழைத்துப் போகாதீர்கள். ரங்கநாதன் தெருக் கூட்டத்தில் ஒரு முழங்கை பட்டால் போதும், கண் கெட்டுவிடும். கட்டுப் பிரித்த மறுநாள் நீங்களோ மனைவியோ ஒருவர் மட்டும் எழும்பூரிலிருந்து தாம்பரம் மார்க்க மின்சார ரயிலில் நான்காவது ஸ்டேஷனான மாம்பலத்தில் இறங்கி, ஸ்டேஷனிலிருந்தே தி.நகர் பஸ் ஸ்டாண்ட் வரை போகும் ஆகாய நடைபாதையில் நடந்து போங்கள். டிக்கெட் 5 ரூபாய். காலை பதினொன்றரைக்குப் போய் இரண்டு மணிக்குள் திரும்பினால் ரயிலிலும் நெரிசல் இருக்காது, அம்மாவுக்கு அடுத்த சொட்டு மருந்தும் தவறாது.